துடைக்காத கம்பி

பத்தர் அந்தக் கம்பியை விரல் நுனியில் வைத்து உருட்டிப் பார்த்தார். அதுதான் எனக்கு முதலில் ஞாபகம் வரும். மெல்லிய தங்கக் கம்பி. ஒரு முனையைச் சாய்வாக வெட்டிக் கூராக்கியிருந்தார். சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்து. நகைக்கடைக்குப் பின்பக்கம் சாமி படத்துக்குக் கீழே ஒரு முக்காலி கிடந்தது. என்னையும் அக்காவையும் அங்கேதான் கூட்டிப் போனார்கள்.

அக்கா என் கூடப் பிறந்தவர் இல்லை. என் கணவரின் அண்ணன் மனைவி, ஓரகத்தி. மாமியார் தன் இரண்டு மகன்களுக்கும் ஊரில் பெண் எடுத்து, ஒரே முகூர்த்தத்தில் கல்யாணத்தை முடித்து, எங்கள் இருவரையும் ஒரே விமானத்தில் சிங்கப்பூருக்குக் கூட்டி வந்தார். அக்கா பட்டுக்கோட்டைப் பக்கம். நான் மன்னார்குடிப் பக்கம். கல்யாண மேடைக்கு முன்னால் ஒருவரை ஒருவர் பார்த்தது கிடையாது.

அந்தக் குடும்பத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஊரில் ஒரு பக்கம் மூக்குக் குத்தியிருந்தாலும் மறுபக்கத்தைப் புகுந்த வீட்டில்தான் குத்த வேண்டும். இரண்டு மருமகள்கள் சேர்ந்து வந்தால் இருவருக்கும் ஒரே கம்பி. ஒருத்தி மூக்கிலிருந்து உருவிய கம்பியைத் துடைக்காமல் அடுத்தவள் மூக்கில் ஏற்ற வேண்டும். அப்படிச் செய்தால் ஓரகத்திகளுக்குள் சண்டை வராதாம். பத்தர் பழக்க தோஷத்தில் துணியை எடுத்தார். மாமியார் அவர் கையைத் தடுத்தார்.

"துடைக்காதீங்க. ரெண்டும் ஒண்ணா இருக்கணும்."

"தங்கம்தானேம்மா, அதுல என்ன ஒட்டப்போவுது," என்று பத்தர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

முறைப்படி பெரியவர்தான் முதலில் உட்கார வேண்டும். ஆனால் கம்பியைப் பார்த்ததும் அக்கா அழ ஆரம்பித்துவிட்டார். மாமியார் என் பக்கம் திரும்பினார். "சின்னவளே, நீ உக்காரு. ஒன்னயப் பாத்து அவளுக்குத் தைரியம் வரட்டும்." நான் உட்கார்ந்தேன். வலித்தது. சத்தம் போடவில்லை. பத்தர் கம்பியை உருவியபோது அதன் முனையில் ஒரு துளி ரத்தம் நின்றது. அது கீழே விழாமல் அக்காவின் மூக்குவரை போனது. இது என் ஞாபகம்.

சண்டை வராமல் இல்லை. புக்கிட் மேராவில் ஒரே வீடு, ஒரே அடுப்படி. யார் முதலில் விளக்கேற்றுவது, யார் துணியை முதலில் மூங்கில் கழியில் மாட்டி ஜன்னலுக்கு வெளியே நீட்டுவது, யாருக்கு முதலில் பிள்ளை பிறப்பது என்று எல்லாவற்றிலும் போட்டி. அக்கா மூத்த மருமகள். முதல் இடத்தை விட்டுத் தர மாட்டார். நானும் லேசில் விட மாட்டேன். மாமியார் வயிறு வீங்கி இறந்த பிறகு வீடு இரண்டாகப் பிரிந்தது. அவர்களும் நாங்களும் ஈசூனுக்குப் போனோம். பக்கத்துப் பக்கத்து அடுக்குமாடி புளோக். வேலையும் ஒரே இடத்தில் அமைந்தது. லிட்டில் இந்தியாவில் மாடியில் இருந்த தையல் கடை. அக்கா மிஷினில் ரவிக்கை தைப்பார். நான் கீழே உட்கார்ந்து கொக்கி வைப்பேன், ஓரம் அடிப்பேன். வருஷக்கணக்காக ஒரே அறைதான். பேச்சு வேலையோடு சரி. "இந்தா." "கொடு." "அந்தச் சிவப்பு நூல் எங்க?" இவ்வளவுதான் எங்கள் பேச்சு.

பிறகு அக்காவின் கண் மஞ்சளாகியது. அவர் மகள்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். ஈரலில் கட்டி. காரணம் ரத்தத்தில் இருக்கிற ஒரு கிருமி, ஹெப்படைட்டிஸ் சி என்றார்கள். குடும்பத்தில் எல்லாரும் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று மகள் ஒற்றைக் காலில் நின்றாள். அவள் அப்பாவுக்கு இல்லை. அவளுக்கு இல்லை. என் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் இல்லை. எனக்கு இருந்தது.

எங்களைப் பார்த்த டாக்டர் ஒரு தமிழ்ப் பெண், இங்கேயே பிறந்து வளர்ந்தவர். எங்கள் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேட்டார்.

"ஆன்ட்டி, நீங்க ரெண்டு பேரும் ரத்த சொந்தமா?"

"இல்ல," என்றேன்.

அக்கா தன் மூக்கைத் தொட்டார். பிறகு, "கம்பி," என்றார்.

அன்றைக்குத்தான் எனக்குச் சில விஷயங்கள் தெரிந்தன. அந்தக் கிருமி இருப்பது அக்காவுக்கு வெகுகாலமாகத் தெரியும். மாத்திரை வராத காலத்தில் இதற்கு ஊசி போட்டிருக்கிறார்கள். உடம்பு தாங்கவில்லை, பாதியில் நிறுத்திவிட்டார். கணவரிடம்கூடச் சொல்லவில்லை. கேட்டால் ஜனங்கள் வேறு மாதிரி பேசுவார்கள் என்று பயம். அப்போது எடுத்த அவருடைய ரத்தத்தை ஆஸ்பத்திரியில் உறைய வைத்து இன்னும் பாதுகாக்கிறார்கள். சின்ன வயதில் அக்கா மரத்திலிருந்து விழுந்து, தஞ்சாவூரில் யாரோ ஒருவருடைய ரத்தத்தை ஏற்றியிருக்கிறார்கள். அதில் வந்திருக்கும் என்பது அவர் கணக்கு.

"நான்தான் மொதல்ல உக்காந்தேன். எங்கிட்ட இருந்துதான் இவளுக்குப் போயிருக்கு," என்று டாக்டரிடம் சொன்னார்.

"இல்லக்கா. நான்தான் மொதல்ல," என்றேன்.

"சும்மா இருடி. நீ அழுதுகிட்டு நின்னே."

டாக்டர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். ஆராய்ச்சிக்கு இருவர் ரத்தத்தையும் தருகிறீர்களா என்று கேட்டார். அக்கா உடனே ஒத்துக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை. "யாருகிட்ட இருந்து யாருக்குப் போச்சுன்னு எனக்குச் சொல்லணும். நான் இல்லாட்டி இவகிட்ட சொல்லணும்."

டாக்டர் அந்தக் கிருமியைப் பற்றிச் சொன்னதை எனக்குப் புரிந்த அளவுக்கு எழுதுகிறேன். நான் எட்டாவதுவரைதான் படித்தவள். உடம்புக்குள் இருப்பது ஒரே கிருமி இல்லையாம். ஒரு கூட்டமாம். அது தன்னைத்தானே பார்த்துப் பார்த்து இன்னொன்றைச் செய்துகொண்டே இருக்கும். செய்யும்போது தப்பு விடும். விட்ட தப்பைத் திருத்தாது. அதனால் கூட்டத்தில் ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது, ஆனால் எல்லாம் ஒரே ஜாடை. முதலில் உள்ளே வந்தது எப்போதோ போயிருக்கும். இன்றைக்கு இருப்பவை அதன் பேரன் பேத்திக்கும் பேரன் பேத்திகள்.

ரயிலுக்கு நடக்கும்போது அக்கா தன் பாஷையில் சொன்னார். "அளவு ரவிக்கை மாதிரிடி. பழசக் கொண்டாந்து குடுத்து இதே அளவுல தைங்கம்பாங்க. கை அளவுல அரை நூல் கூடும். அடுத்த தடவை நாம தச்சதையே அளவுன்னு கொண்டாருவாங்க. அதுல இன்னும் அரை நூல். கடைசில மொத ரவிக்கையக் கொண்டாந்து பக்கத்துல வச்சா, இது யாரு ரவிக்கைன்னு அவங்களே கேப்பாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். அவ்வளவு நீளமாக அவர் என்னிடம் பேசி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

இன்னொரு முறை போனபோது டாக்டர் வேறொன்று சொன்னார். அக்காவின் இன்றைய ரத்தத்தை, முன்பு உறைய வைத்த பழைய ரத்தத்தின் கிருமியோடு சேர்த்துப் பார்த்தார்களாம். இன்றைய ரத்தம் அன்றைய கிருமியை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்கிறதாம். ஆனால் இன்றைக்கு உள்ளே இருக்கிற கிருமியை அதற்குத் தெரியவில்லையாம். உடம்பு ஒரு முகத்தைப் படித்து முடிப்பதற்குள் அது வேறு முகம் வைத்துக்கொள்கிறது. அக்கா தலையை ஆட்டினார். "போனவங்களத்தான் தெரியுது. இருக்கறவங்களத் தெரியல. நம்ம வீடு மாதிரியேதான்லா இருக்கு."

அன்று திரும்பும்போது டோபி காட் ஸ்டேஷனில் ஈசூன் ரயிலுக்கு மாறினோம். பகல்தான். ஆனாலும் அந்தப் பாதை பூமிக்கு அடியில் போகும். எதிர் ஜன்னல் கறுப்பாக இருந்தது. அதில் எங்கள் முகம் தெரிந்தது. எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் முகம், அதற்குப் பின்னால் அந்தப் பக்கக் கண்ணாடியில் மறுபடியும் எங்கள் முகம் என்று உள்ளே உள்ளே போய்க்கொண்டிருந்தது. ரயில் குலுங்கும்போது ஒவ்வொரு முகமும் கொஞ்சம் வேறு மாதிரி அசைந்தது. அக்கா என் கையைத் தொட்டார். "பாரு. கூட்டமாப் போறாங்க." அதற்குள் சுரங்கம் முடிந்து வெளிச்சம் வந்தது. கண்ணாடியில் மரங்கள் ஓடின. முகங்கள் ஒன்றையும் காணோம். அக்கா கையை எடுக்கவில்லை. ஈசூன் வரை அப்படியே வந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் பேச்சில் அந்தக் கூட்டமும் சேர்ந்துகொண்டது. ஞாயிற்றுக்கிழமை கடை ஜன்னலில் நின்று பார்த்தால் கீழே தெரு நிறைய ஆள். கட்டட வேலை, கப்பல் பட்டறை வேலை செய்கிற பையன்கள். மேலிருந்து பார்க்க எல்லாத் தலையும் ஒன்றுபோல இருக்கும். உற்றுப் பார்த்தால் எதுவும் ஒன்றில்லை. அக்கா வயிற்றைத் தட்டிக்கொண்டு, "எங்க தெருவுலயும் இன்னிக்கு ஞாயித்துக்கெழமதான் போல," என்பார். என்னைப் பார்த்தால், "ஒன் ஆளுங்க சௌக்கியமா?" என்று கேட்பார். சிரிப்பு வரும். வீட்டில் தனியாக இருக்கும்போது அதே கேள்வி காதில் கேட்டால் சிரிப்பு வராது. நான் அசையாமல் உட்கார்ந்து கேட்டுப் பார்ப்பேன். மின்விசிறிச் சத்தம்தான் இருக்கும். ஆனால் உள்ளே இப்போதும் வேலை நடக்கிறது, தப்புத் தப்பாகத் தைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரியும்.

முதல் முடிவு வந்தது. இருவர் கூட்டத்துக்கும் வேர் ஒன்றுதான் என்றார் டாக்டர். வெளியே இருந்து தனித்தனியாக வந்திருந்தால் இவ்வளவு ஜாடை இருக்காதாம். மாமியார் இறந்தது இதனால்தானா என்று நான் கேட்டேன். அவர் ரத்தம் நம்மிடம் இல்லை, சொல்ல முடியாது என்றார். அவர் மூக்கில் அந்தக் கம்பி ஏறவும் இல்லை.

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். "கெழவி நெனச்சது நடந்துருச்சு பாத்தியா? ரெண்டும் ஒண்ணாயிட்டோம்."

டாக்டர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

"யாரு மொதல்ல?" என்றார் அக்கா.

"அது தெரியணும்னா உங்க பழைய ரத்தத்தையும் சேர்த்துப் பார்க்கணும் ஆன்ட்டி. கொஞ்சம் டைம் ஆகும்."

"எனக்கு டைம் இல்லயேம்மா," என்றார் அக்கா. சாதாரணமாகத்தான் சொன்னார்.

எனக்கு மாத்திரை கொடுத்தார்கள். தினம் சாப்பிட்டால் சில மாதத்தில் சரியாகிவிடும் என்றார்கள். அக்காவின் ஈரல் அந்தக் கட்டத்தைத் தாண்டியிருந்தது. அவர் வேலைக்கு வருவது நின்றது. நான் காலையில் கஞ்சி எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டு அப்புறம் கடைக்குப் போவேன். போன உடனே அவர் ஆரம்பித்துவிடுவார். மூக்குக் குத்திய நாளைப் பற்றித்தான். நான் அழுதேனாம். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டாராம். அக்கா முதலில் உட்கார்ந்து காட்டினாராம். வலித்ததாம், ஆனால் சத்தம் போடவில்லையாம். பத்தர் தோளில் துணியைப் போட்டதுகூட அதில் இருந்தது. எல்லாம் என் ஞாபகம்தான், ஆட்களை மட்டும் இடம் மாற்றி வைத்த மாதிரி.

கேட்டுக் கேட்டு எனக்கே ஆட்டம் கண்டது. கடையில் கொக்கி வைத்துக்கொண்டே அந்த நாளை நினைத்துப் பார்ப்பேன். முக்காலியில் நான் உட்கார்ந்திருப்பது தெரியும். என் முகம் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிற முகம். அப்போதுதான் திக்கென்றது. என் முகத்தை நான் எப்படிப் பார்த்திருக்க முடியும்? அங்கே கண்ணாடி கிடையாது. அப்படியானால் நின்று பார்த்தது யார்? ஊசி விரலில் ஏறியது. நான் விரலை வாயில் வைக்கப் போனேன், பிறகு நிறுத்திவிட்டேன். மாத்திரை சாப்பிட ஆரம்பித்த பிறகும் என் ரத்தத்தைப் பார்த்தால் ஒரு மாதிரி இருந்தது. உள்ளே இருப்பவர்கள் அக்காவுக்கும் சொந்தம். நான் தினம் ஒரு மாத்திரை போட்டு அவர்களைக் கொன்றுகொண்டிருந்தேன். அக்காவின் உடம்பில் அவர்கள் குறையாமல் இருந்தார்கள், அக்காதான் குறைந்துகொண்டிருந்தார்.

கடைசியாக நாங்கள் பேசியது ஒரு மத்தியானம். ஜன்னல் வழியாக வெயில் கட்டில்வரை வந்திருந்தது. அக்காவின் கை குச்சியாகி இருந்தது, வயிறு மட்டும் உயர்ந்திருந்தது. மாமியாருக்கும் கடைசியில் அப்படித்தான் இருந்தது. அக்கா என்னைக் கிட்டே வரச் சொன்னார்.

"என்னால ஒனக்கு வந்துச்சு. மன்னிச்சிரு."

"நான்தான்க்கா மொதல்ல உக்காந்தேன். நீங்க அழுதீங்க. சாமி சத்தியமா."

"எல்லாத்துலயும் நான் மொதல்ல நான் மொதல்லன்னு எங்கூட மல்லுக்கு நின்னவதானே நீ. இதுலயும் விட மாட்டியா?"

"இது நெசம்க்கா."

அக்கா என் கன்னத்தைத் தொட்டார். விரல் ஜில்லென்று இருந்தது. "ஒனக்குப் பொய் சொல்லத் தெரியாதுடி. மூஞ்சியிலயே தெரியும். எனக்காக ஒண்ணு சொல்றே பாரு. அது போதும்."

நான் மறுபடியும் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் சிரிப்பு இருந்தது. அந்த வாரமே போய்விட்டார்.

எனக்கு மாத்திரை முடிந்து, ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை, சுத்தமாகிவிட்டது என்றார் டாக்டர். கை கொடுத்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அக்கா கேட்ட கேள்விக்குப் பதில் வந்திருக்கிறது, சொல்லட்டுமா என்று கேட்டார். சொல்லச் சொன்னேன்.

அக்காவின் பழைய ரத்தத்தில் இருந்த கூட்டம் என்னுடைய கூட்டத்திலிருந்து பிரிந்த ஒரு கிளை மாதிரி இருக்கிறதாம். என்னுடையது அகலமாம், வயது கூடியதாம். அக்காவுடையது அதில் ஒரு ஓரத்திலிருந்து கிளம்பியிருக்கிறதாம். "அதனால உங்ககிட்ட இருந்து அவங்களுக்குப் போயிருக்கத்தான் சான்ஸ் ஜாஸ்தி ஆன்ட்டி. நூத்துக்கு நூறுன்னு என்னால சொல்ல முடியாது."

"எனக்குத் தெரியும்," என்றேன்.

எனக்கு எங்கிருந்து வந்திருக்கும் என்று டாக்டர் கேட்டார். தெரியாது என்றேன். சின்ன வயதில் ஊரில் கம்பவுண்டர் வருவார். ஒரே ஊசியை வெந்நீரில் முக்கி முக்கித் தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும் போடுவார். அதுவாக இருக்கலாம். வேறு எதுவாகவும் இருக்கலாம்.

கிளம்பும்போது அவர் ஒன்று சொல்லி அனுப்பினார். கிருமி போய்விட்டாலும், எப்போது சோதித்தாலும் அது இருந்ததற்கு அடையாளம் என் ரத்தத்தில் தெரியும். உடம்பு அதற்கு எதிராகச் செய்து வைத்த காவல் போகாது. புது டாக்டர் யாராவது பார்த்துப் பதறினால் பயப்படாதீங்க என்றார். நான் தலையை ஆட்டினேன். ஆள் எல்லாம் போன பிறகும் காவல் நிற்கிறது. இன்னும் முகத்தைத் தேடிக்கொண்டிருக்கும் போல.

அக்காவின் முதல் திவசத்துக்குச் சமையல் நான்தான். படைத்து முடித்து, வந்தவர்கள் கிளம்பிப் போன பிறகு, அவர் மகள் என்னோடு அடுப்படியில் நின்று பாத்திரம் துடைத்தாள்.

"சின்னம்மா, அம்மா கடைசில ஒரே விஷயத்தத்தான் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. நீங்கதான் மொதல்ல உக்காந்ததாச் சத்தியம் பண்ணீங்களாமே. அவ பொய்கூட எனக்காகச் சொல்றாடின்னு அழுதாங்க. அதுக்கப்புறம்தான் அவங்க மனசுக்கு ஒரு பீஸ், ஒரு நிம்மதி வந்துச்சு, தெரியுமா?"

நான் குழாயை மூடினேன்.

"நெஜமா சொல்லுங்க சின்னம்மா. அம்மாதானே மொதல்ல?"

அவள் கண் அப்படியே அக்காவின் கண். எனக்குப் பொய் சொல்ல வராது என்று அக்கா சொன்னது சரிதான். வாழ்க்கையில் நான் சொன்னதில்லை. சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்று, தொட்டியில் கிடந்த கடைசித் தட்டைக் கையில் எடுத்தேன்.

"ஆமா புள்ள. உங்கம்மாதான் மொதல்ல உக்காந்தாங்க. நான் அழுதுகிட்டு நின்னேன்."

அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். இப்போது யார் கேட்டாலும் நான் அப்படித்தான் சொல்கிறேன். இங்கே மட்டும்தான் நடந்ததை எழுதியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தோடு அவள் தமிழ் படிப்பதை விட்டுவிட்டாள். இதைப் படிக்க மாட்டாள்.